ஓதம் ஏறிய சுவர்: ஒரு வரலாறு

வீட்டுச் சுவரின் நோய்களை நம் முன்னோர் தனித்தனிப் பெயரிட்டு அறிந்திருந்தனர். மண்ணிலிருந்தோ மழையிலிருந்தோ சுவருக்குள் ஊறி நிற்கும் ஈரத்தை ஓதம் என்றனர். அவ்வீரம் வறளும்போது வெளியில் வெண்பொடியாகப் பூக்கும் உப்பை உவர் என்றனர். ஈரம் தங்கிய இடத்தில் கறுப்பும் பச்சையுமாகப் படரும் உயிரைப் பூஞ்சணம் என்றனர். மூன்றும் ஒன்றல்ல. ஓதம் காரணம், உவர் அதன் அடையாளம், பூஞ்சணம் அதன் விளைவு. இந்த வேறுபாட்டை மறந்து, விளைவின்மேல் வண்ணம் பூசிக் காரணத்தை உள்ளேயே விட்டுவைப்பது நம் காலத்து வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் எப்படி வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது, அதனால் இழந்தவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பழைய சட்டங்களில் ஒரு சுவர்

சுவரில் தோன்றும் கறையைச் சட்டத்துக்குரிய பொருளாகக் கருதிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று, யூதர்களும் கிறித்தவர்களும் ஓதிவரும் லேவியராகமம். அதன் 14ஆம் அதிகாரத்தில் ஒரு வீட்டின் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை தோன்றினால் செய்ய வேண்டியவை வரிசையாகக் கூறப்படுகின்றன. வீட்டுக்காரர் ஆசாரியரிடம் முறையிட வேண்டும். ஆசாரியர் வருவதற்கு முன் வீட்டிலுள்ள பொருட்களை வெளியேற்ற வேண்டும். கறை காணப்பட்டால் வீட்டை ஏழு நாள் அடைத்துவைக்க வேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, உட்பூச்சைச் சுரண்டி எடுத்து, புதுக்கல்லும் புதுச்சாந்தும் இட வேண்டும். அதன் பின்னும் கறை திரும்பினால் வீட்டையே இடித்துவிட வேண்டும்.

அச்சட்டத்தின் சமயப்பொருள் எதுவாயினும், அதன் நடைமுறை நம் கவனத்துக்குரியது. முறையீடு, நேரில் ஆய்வு, காத்திருந்து மறுஆய்வு, பழுதுற்ற பகுதியை நீக்குதல், மீண்டும் வருகிறதா என்று கண்காணித்தல் என்னும் ஒழுங்கு அதில் உள்ளது. கறையின்மேல் வெள்ளை பூசி மறைக்குமாறு அது எவருக்கும் கூறவில்லை.

முஸ்லிம் உலகில் கட்டடம் பற்றிய வழக்குகள் ஃபிக்ஹின் ஒரு பகுதியாகவே வளர்ந்தன. தூனிஸ் நகரில் வாழ்ந்து ஹிஜ்ரி 734 (கி.பி. 1334) வாக்கில் மறைந்த இப்னுர் ராமி என்பவர் இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். அவர் ஒரு கொத்தனார். காழிகளின் முன் வரும் கட்டட வழக்குகளில் நேரில் சென்று பார்த்துக் கருத்துச் சொல்லும் வல்லுநராகவும் பணிபுரிந்தார். மாலிகி மத்ஹபின் தீர்ப்புகளையும் தம் அனுபவத்தையும் இணைத்து, கட்டடச் சட்டங்கள் பற்றி அரபியில் ஒரு நூல் எழுதினார். இருவருக்குப் பொதுவான சுவர், அண்டை வீட்டாரின் நீர், வடிகால், புகை என அன்றாட வாழ்வின் பிணக்குகள் அதில் பேசப்படுகின்றன. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று. அவ்விதியைச் சுவரிலும் சாக்கடையிலும் வைத்துப் பார்த்தவர்கள் அக்காலத்துக் காழிகளும் கொத்தனார்களும் ஆவர். தீங்கு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் கண்டறிந்த பின்னரே, அதை நீக்கும் பொறுப்பு யாருடையது என்று தீர்ப்புக் கூற இயலும். கைத்தொழில் அறிந்தவரை நீதிபதி துணைக்கழைத்ததன் காரணம் இதுவே.

சுண்ணாம்பின் காலம்

நம் கடற்கரைக்கு வருவோம். பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தேவிபட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என முஸ்லிம்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஊர்கள் பலவும் உப்புக்காற்றின் வழியில் அமைந்தவை. நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. மண்ணிலேயே உப்பு உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். ஓதத்துக்கு இதைவிட உகந்த நிலம் அரிது. ஆயினும் இவ்வூர்களில் நூறாண்டு கடந்த காரைவீடுகளும், திராவிடக் கற்றூண்களோடு எழுந்த பழம்பள்ளிவாசல்களும் இன்றளவும் நிற்கின்றன.

இதற்கு முதற்காரணம் சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சூளையில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் வார்த்தால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு சேர்த்து மாடு பூட்டிய செக்கில் அரைத்தால் காரை. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அதில் சேர்ப்பது கொத்தனார் வழக்கம். மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர்கள் சலவைக்கல்லை ஒத்திருந்தன. ஐரோப்பியப் பயணிகள் வியந்த மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு இதுவே.

பூசப்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. அவ்வாறு ஆகும்போது அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சுகின்றன. சுவருக்குள் புகுந்த நீர் அத்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும். கடற்கரை வீட்டுக்குள் ஓதம் வராமல் இருந்ததில்லை. வந்த ஓதம் போவதற்கு வழி இருந்தது. உவர் பூத்தால் பூச்சுத்தான் உதிரும், செங்கல் தப்பிக்கும். உதிர்ந்த பூச்சைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்வர்.

இரண்டாம் காரணம் வெள்ளையடித்தல். நோன்புக்கோ பெருநாளுக்கோ வீட்டில் திருமணத்துக்கோ முன்னதாகச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், அதில் சிறிது நீலம் கலப்பதும் பல குடும்பங்களின் வழக்கமாய் இருந்தது. அதை அழகுக்காகச் செய்தனர் என்றே நாம் எண்ணுகிறோம். புதிதாய் அடித்த சுண்ணாம்பு கடுமையான காரத்தன்மை உடையது. அதில் பூஞ்சணம் வேரூன்ற இயலாது. காற்றுப்பட்டு அந்தக் காரம் நாளடைவில் தணியும். அதற்குள் அடுத்த வெள்ளையடிப்புக்கு வேளை வந்துவிடும்.

மூன்றாம் காரணம் வீட்டின் அமைப்பு. வானம் பார்த்த முற்றம், உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சாளரங்கள், தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம் ஆகியவை காற்றையும் வெயிலையும் உள்ளே அழைத்தன. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் சென்றுவருவதற்கென விடப்பட்ட முடுக்குகளும் இவ்வகையில் எண்ணத்தக்கவை. மறைவுக்காக அமைந்த அச்சந்துகளால் பக்கச்சுவர்களுக்குக் காற்றும் கிட்டியது.

பழமை யாவும் குற்றமற்றது என்று கூறுவதற்கில்லை. மன்னார் வளைகுடாப் பகுதியில் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் பெருமளவில் வெட்டியெடுக்கப்பட்டன. அங்கிருந்த தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு கடலுள் மூழ்கியதற்கு அவ்வெட்டே காரணமாகக் கூறப்படுகிறது. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகள் இன்று வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. எனவே சுண்ணாம்பை மீட்டெடுப்போர் அதை நாட வேண்டியது கிளிஞ்சலிலும் சுண்ணாம்புக்கல்லிலுமே.

சிமெண்டின் வருகை

1824ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசஃப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட் என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று 1904இல் சென்னையில் நிகழ்ந்தது. அதற்கு மூலப்பொருளாகக் கொள்ளப்பட்டது கடற்சிப்பி. அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே வணிக அளவில் வெற்றிபெற்றது. தமிழகத்தில் 1930களில் மதுக்கரையிலும் டால்மியாபுரத்திலும், 1940களின் இறுதியில் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்திலும் ஆலைகள் எழுந்தன. கடலோர ஊர்களுக்குச் சிமெண்ட் மூட்டை எளிதில் வந்து சேரலாயிற்று.

1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளில் உழைத்தோரின் பணம் ஊர் திரும்பியபோது கான்கிரீட் வீடு முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. சிமெண்டின் நன்மைகளை மறுக்க இயலாது. அது விரைவில் இறுகும். மாடிமேல் மாடி தாங்கும். நாட்கணக்கில் செக்கு ஓட்டத் தேவையில்லை. ஆனால் இரண்டு தவறுகள் உடன் நிகழ்ந்தன. புதுவீடுகளில் முற்றம் மூடப்பட்டது, சாளரங்கள் சுருங்கின, குளியலறை படுக்கையறைக்குள் வந்தது. பழைய வீடுகளிலோ, உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டு அதன்மேல் சிமெண்ட் பூசப்பட்டது. அதற்கும் மேலே எண்ணெய் வண்ணமும் பிளாஸ்டிக் வண்ணமும் ஏறின. உளூச் செய்யும் ஹவ்ளின் ஓரத்துப் பள்ளிவாசல் சுவர்களும் இதற்குத் தப்பவில்லை.

இதன் விளைவு ஓரிரு மழைக்காலங்களில் வெளிப்படும். செங்கல் தன் நுண்புழைகள் வழியே மண்ணின் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மேலே இழுக்கிறது. முன்பு அது காரை வழியே ஆவியாயிற்று. இப்போது சிமெண்ட் அதை அடைத்துவிட்டதால் ஈரம் வெளியேற வழிதேடி மேலும் உயர்கிறது. உப்பு பூச்சுக்குப் பின்னே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. முழங்காலளவு நின்ற ஓதம் இடுப்பளவு வந்துவிட்டது என்று பழைய வீட்டார் பலர் சொல்வதன் காரணம் இதுவே. நோயை மறைக்கப் போர்த்திய போர்வையே நோயை வளர்த்தது.

குற்றம் யாருடையது?

ஓதத்தைச் சட்டத்தால் தடுக்க முயன்ற நாடுகளுள் இங்கிலாந்து முன்னோடி. 1842இல் எட்வின் சாட்விக் உழைக்கும் மக்களின் சுகாதாரநிலை பற்றி வெளியிட்ட அறிக்கை, ஈரமும் நெரிசலும் நிறைந்த குடியிருப்புகளை நாட்டின் கண்முன் நிறுத்தியது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த மாதிரி விதிகள், புதுச் சுவர்களின் அடியில் நீர் ஏறாத தடுப்பு அடுக்கு ஒன்று இடப்பட வேண்டும் என்றன. இவ்வளவு நீண்ட சட்ட மரபுள்ள அந்நாட்டிலேதான் நம் மனத்தை விட்டு அகலாத ஒரு மரணம் நிகழ்ந்தது.

அவாப் இஸ்ஹாக் சூடானிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் குழந்தை. ராச்டேல் நகரில் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் பெற்றோருடன் வாழ்ந்தான். வீட்டில் பூஞ்சணம் படர்ந்திருப்பதைத் தந்தை 2017லேயே வீட்டுவசதி நிறுவனத்திடம் முறையிட்டார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு அவருக்கு விடை கிடைத்தது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், மூச்சுக்குழல் பாதிப்பால் அக்குழந்தை இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்துக்கு நெடுநாள் ஆட்பட்டதே அதற்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார்.

அவ்விசாரணையில் வெளிப்பட்ட ஒரு செய்தியை நாம் சிந்திக்க வேண்டும். அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணமாக இருக்கும் என்று நிறுவனத்தார் கருதியிருந்தனர். வாளியில் நீர் மொண்டு குளிப்பதும் சடங்குக் குளியலும் அவர்களுடைய ஊகங்களில் இடம்பெற்றன. அவ்வாறு ஊகித்தது தவறு என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. உளூவும் குஸ்லும் செய்யும் குடும்பம் என்பதால் ஆய்வு தேவைப்படவில்லை, ஊகம் போதுமானதாயிற்று. காழியின் பணிப்படி சுவரைப் பார்க்கச் சென்ற தூனிஸ் கொத்தனாரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவாபின் பெயரால் 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. 2025 அக்டோபர் 27 முதல், இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் அவசர ஆபத்துகளை 24 மணிநேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். ஓதம், பூஞ்சணம் பற்றிய முறையீடுகளைப் பத்து வேலைநாட்களுக்குள் ஆராய வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் மூச்சுநோய்களும் மிகுதி என்றும், இவ்வளவு பூஞ்சணம் இருந்தால் தீங்கில்லை என்று எல்லை வகுக்க இயலாது என்றும் கூறியுள்ளது.

நம் வீட்டுச் சுவருக்கு

வரலாறு கற்பிக்கும் ஒழுங்கு எளியது: முதலில் நீரின் வழியைக் கண்டறிய வேண்டும். சுவரின் அடியிலிருந்து படிப்படியாக உயரும் கறை மண்ணின் ஈரத்தால் வருவது. அதில் உவர் பூத்திருக்கும். கூரையிலிருந்து இறங்கும் கறை மழைநீரையோ மொட்டைமாடி வெடிப்பையோ காட்டும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்துக் கறை குழாய்க்கசிவாக இருக்கலாம். அலமாரியின் பின்புறமும் காற்றுப்புகாத மூலைகளிலும் மட்டும் கரும்புள்ளிகள் தோன்றினால், அறையின் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறது எனக் கொள்ளலாம். ஐயமிருப்பின், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் நன்கு ஒட்டி ஓரிரு நாள் விட்டுப்பார்க்கலாம். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் அறையினுடையது. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் சுவரினுடையது.

காரணம் தெரிந்தபின் மருந்து தானே விளங்கும். கசிவை அடைக்க வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட மண்ணையும் சிமெண்ட் தளத்தையும் தாழ்த்தி, மழைநீர் சுவரைவிட்டு விலகி ஓடச் செய்ய வேண்டும். பழைய காரைவீடாயின், கீழ்ப்பகுதியின் சிமெண்ட் பூச்சை நீக்கி, சுவர் உலரப் போதிய காலம் விட்டு, சுண்ணாம்புச் சாந்தால் பூசி, சுண்ணாம்பே அடிக்க வேண்டும். இதனை அறிந்த கொத்தனார்கள் அருகிவருகின்றனர். எனினும் செட்டிநாட்டுப் பூச்சு செய்வோரிடம் இக்கலை இன்றும் உயிரோடு உள்ளது. அறையின் ஈரமாயின், வெயில் ஏறிய வேளையில் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறப்பதும், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்குவதும், சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளித்தள்ளும் விசிறி வைப்பதும் பயன்தரும்.

படர்ந்திருக்கும் பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டக்கூடாது. அதன் நுண்விதைகள் காற்றில் பரவும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, கையுறை அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் சுவரை நன்கு உலர்த்த வேண்டும். ப்ளீச்சிங் கரைசலோடு அமிலம் கலந்த கழிப்பறைத் திரவங்களை ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். குழந்தைகளும் மூச்சுநோய் உள்ளவர்களும் அவ்வேளையில் அவ்வறையில் இருத்தல் கூடாது.

இவையெல்லாம் சொந்த வீடுடையோர்க்கு இயல்வன. வாடகைக்குக் குடியிருப்போர் சுவரை உடைக்கவோ கூரையைச் செப்பனிடவோ உரிமையற்றவர். நம்மில் வாடகைக்கு வீடு விட்டிருப்போர் உண்டு. பல ஊர்களில் வக்ஃபுக்குச் சொந்தமான வீடுகளும் உண்டு. மழைக்காலத்தில் குடியிருப்பவர் வந்து சுவர் கறுத்துவிட்டது என்று சொல்லும்போது, துணியை உள்ளே உலர்த்தாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள் என்று விடைகூறி அனுப்புவது நமக்கும் எளிது. ராச்டேலில் சொல்லப்பட்ட விடையும் அதுபோன்றதே. குடியிருப்பவர் சமைப்பார், குளிப்பார், துணி துவைப்பார், ஐவேளை உளூச் செய்வார். அவ்வளவு ஈரத்தையும் தாங்கி வெளியேற்ற வல்லதாக இருப்பதே வீடு எனப்படும்.

ஆகவே அடுத்த முறையீடு வரும்போது, வீட்டுடையவரும் ஜமாஅத்தின் பொறுப்பாளரும் விடை கூறுமுன் ஒரு கொத்தனாரை அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குள் சென்று சுவரைத் தொட்டுப் பார்ப்பார்களாக. அந்தச் சுவரோரம் பாய்விரித்து உறங்கும் பிள்ளைகளின் மூச்சு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.